பின்னால் வருகிறவர்கள்

பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் நீ கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். காலில் இருந்த கொப்புளம் காய்ந்துவிட்டது. தலைமுடி வளரவில்லை, வளர விடவும் மாட்டார்கள். அதற்காக இந்த ராணுவ அகாடமிக்குச் சாபம் கொடுப்பதை நிறுத்து. போனை இன்னும் தரவில்லை. இந்தப் பருவம் முடியும்வரை எல்லாருக்கும் கடிதம்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். இதில் நானும் கொஞ்சம் பேசலாம்.

இனி என் செய்தி. என்னை செக்ஷன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள்! பத்துப் பேர் என் பொறுப்பில். இந்த மாதக் கடைசியில் மலைப் பயிற்சி. மேப்பும் திசைகாட்டியும் கொடுத்து ஒரு முகட்டில் இறக்கிவிடுவார்கள். குறித்த இடத்துக்குக் குறித்த நாளில் நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும்.

நேற்றுப் பரேட் மைதானத்தில் முதல் தடவையாகக் கட்டளை கொடுத்தேன். குரல் எழும்புமா என்று பயம். வயிற்றிலிருந்து கத்தினேன். என் வாயிலிருந்து வந்த ஒரே சொல்லுக்குப் பத்து ஜோடி பூட்ஸ் ஒரே அடியாகத் தரையில் இறங்கின. அம்மா, எனக்கு உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது. நம் வீட்டில் டிவி ரிமோட்கூட என் பேச்சைக் கேட்டதில்லை. இங்கே என்னைவிட ஒரு அடி உயரமானவன், என்னைவிட வேகமாக ஓடுகிறவள், எல்லாரும் நான் சொன்னதும் திரும்புகிறார்கள். பரேட் முடிந்த பிறகும் அதே சொல்லை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில்தான்.

ஒவ்வொருவரும் தங்கள் இலக்கு என்ன என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பருவ முடிவில் கர்னல் அதை வைத்துக்கொண்டுதான் நேர்காணல் செய்வாராம். நான் எழுதியது: "காலாட்படை. ஒரு கம்பெனிக்குத் தலைமை. எந்த இடத்துக்கும் முதல் ஆளாகப் போக வேண்டும்." பக்கத்தில் மீதி இடம் காலியாக இருந்தது. அதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 28 உறுதிமொழி நாள். அதற்கு முன்னால் விலக நினைப்பவர்கள் விலகலாம், இருபத்தொன்று ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். உறுதிமொழி எடுத்துவிட்டால் பத்து வருஷம் அசைய முடியாது. நீ விசாரித்து வைத்திருப்பாய் என்று தெரியும். ரயில் கிளம்பும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதும் எனக்கு மறக்கவில்லை. ஆசையை வளர்க்காதே அம்மா, நான் விலக மாட்டேன்.

அப்பா கப்பலிலிருந்து பேசினால் என் பதவி உயர்வைச் சொல்.

உன்
வாலு

பிப்ரவரி 9

என் அருமை வாலுக்குட்டிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் காரில் இருந்தேன். தபால்காரர் ஜன்னல் வழியாக நீட்டினார். ஓட்டிக்கொண்டிருந்தவர் நம் பல் டாக்டர். அவரை ஓரம்கட்டச் சொல்லிவிட்டு அங்கேயே படித்தேன். உனக்கு அவரை நினைவிருக்கும்: நீ கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், இன்னும் ரிவர்ஸ் வரவில்லை. ஊராரின் பற்களை எல்லாம் கண்ணாடியில் பார்த்தே பிடுங்குகிறவருக்குக் காரின் கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் இடது வலது மறந்துவிடுகிறது. உனக்குப் பத்துப் பேர் கிடைத்தது கேட்டு அவர்தான் கை தட்டினார். நான் தட்டவில்லை.

சந்தோஷம் இல்லை என்று நினைக்காதே. அப்பாவிடம் சொன்னேன், என்ஜின் அறையில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். எனக்குத்தான் இரண்டு மனசு. உன் அப்பா கடலில், நீ மலையில், நடுவில் நான் ஒருத்தி தரையில் உட்கார்ந்து அடுத்தவர் பிள்ளைகளுக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கிறது. உன்னோடு சண்டை போட்டு எத்தனை நாள் ஆகிறது!

நம் டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டாவது காரை வாங்கியது யாருக்காக என்று உனக்குத் தெரியும். அது போர்வைக்குள் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் செய்து அணைக்கிறேன். அதற்கு ஒரு ஆள் போடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை.

முதல் ஆளாகப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாயாமே. சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நில், அது போதும். மலையில் குளிருக்குக் காதை மூடிக்கொள். 28ஆம் தேதி இன்னும் வரவில்லை, நானும் இன்னும் ஆசையை விடவில்லை.

கோபம் பாதி, முத்தம் பாதி,
அம்மா

பிப்ரவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் படித்துக்கொண்டு பிறகு மற்றதைப் படி.

மலையில் இரண்டாம் நாள் பனிமூட்டம் இறங்கியது. முன்னால் நடக்கிறவரின் முதுகுப்பை மட்டும்தான் தெரிகிறது. எங்கள் வயர்லெஸ் செட்டைச் சுமந்து வந்தவள் ஒரு சின்னப் பெண், எல்லாரும் அவளைச் சிட்டு என்போம். காய்ச்சல் அவளுக்கு. சொல்லாமல் நடந்துகொண்டிருந்தாள், பின்தங்கினாள். நான் திரும்பிப் போய் செட்டை வாங்கி என் பைமேல் கட்டிக்கொண்டு, ரிசீவரைக் கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்கவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் யாரோ, "இதான்டா லீடர்" என்றான். என் காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தேன். ஆனால் என் நடையே மாறிவிட்டது, அம்மா. தோள் முறிகிற சுமை, அப்படியும் மிதந்துகொண்டு போனேன்.

மூட்டத்தில் வேறு வழியில்லை என்று திசைகாட்டியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, முள் காட்டிய பக்கமே நடந்தேன். என் பின்னால் எல்லாரும் வந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு ஒழுங்கான செக்ஷன் என்று எனக்குப் பெருமை.

திடீரென்று காற்று வீசி மூட்டம் விலகியது. என் பூட்ஸ் நுனிக்கு அப்பால் தரை இல்லை.

எப்படிச் சொல்வது? கீழே, ரொம்பக் கீழே, ஒரு ஆறு போகிறது. அதன் சத்தம்கூட மேலே வந்து சேரவில்லை. எதிர்ப்பக்கத்துப் பாறை முழுக்க வெயில். பறவைகள் எனக்குக் கீழே பறக்கின்றன. இவ்வளவு பெரிய இடத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பிரமிப்பு. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரும் வரிசையாக, என் காலடி பட்ட இடத்திலேயே கால் வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்து என்ன என்று கேட்கிற முகங்கள். நான் இன்னும் நாலு அடி நடந்திருந்தால் அவர்களும் நடந்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. பள்ளத்தாக்கைவிட அது பெரிதாக இருந்தது.

வந்த வழியே திரும்பி, ஒரு நாள் தாமதமாக முகாமுக்குப் போனோம். நடந்ததை மேஜரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதே மாதிரி செட்டை மாட்டி நிற்கச் சொன்னார். திசைகாட்டியைப் பிடிக்கச் சொன்னார். பிறகு என் கழுத்திலிருந்த ரிசீவரைக் கழற்றிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். முள் தானாக நகர்ந்து வேறு இடத்தில் போய் நின்றது. ரிசீவருக்குள் காந்தம் இருக்கிறது, அம்மா. வயர்லெஸ் பக்கத்தில் திசைகாட்டி கூடாது என்பது முதல் மாதப் பாடம். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

அதுவும் பெரிதில்லை. எங்கள் செக்ஷனில் ஒருவனுக்கு மௌனி என்று பெயர் வைத்திருக்கிறோம். நாள் முழுக்க வாய் திறக்க மாட்டான். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வழி தப்புன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

"என்னது?"

"காத்து இடது கன்னத்துல அடிக்கணும். ரொம்ப நேரமா பிடரில அடிச்சுது."

"அப்ப ஏன்டா சொல்லல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ அவ சுமையையும் சேர்த்துத் தூக்கிட்டு முன்னாடி போயிட்டிருந்த. உன்கிட்ட போய் எப்படித் தப்புன்னு சொல்றது? மனசு வரல."

இன்னும் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருந்ததாம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் கெட்டவளாக இருந்திருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள். நல்லவளாக நடந்துகொண்டதால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு விளிம்புவரை வந்துவிட்டார்கள்.

அம்மா, அந்த நம்பிக்கையைத் தாங்க என்னால் முடியாது. தெரிந்தே என் பின்னால் வருவார்கள் என்றால், எந்த நாளும் நான் எப்படிக் கண்ணை மூடித் தூங்குவது? லீடர் பொறுப்பை மௌனிக்கு மாற்றிவிட்டார்கள், அதில் எனக்கு நிம்மதிதான். விலகல் விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் வீட்டுக்கு வருகிறேன்.

உன்
வாலு

மார்ச் 1

கண்ணே,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் கேட்டிருந்தார்கள், மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன்.

வா. உடனே வா. ஒரு விளக்கமும் யாருக்கும் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் அம்மா கூப்பிட்டாள் என்று சொல். உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று. போர்வையை எடுத்து இரண்டாவது காரைக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டேன். நான் என் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரி, "என்ன, வீட்டுக்காரர் கப்பல்ல இருந்து வர்றாரா?" என்கிறாள். அதைவிடப் பெரிய ஆள் வருகிறது என்றேன்.

அந்த மலையை மறந்துவிடு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

ரயில் எது என்று மட்டும் எழுது.

அம்மா

மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் கையெழுத்தும் வந்து பல நாளாகிவிட்டன. பதில் எழுதாமல் இருந்ததற்குத் திட்டு. நீ கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் கொடுக்கப் போன அன்று காலையில், கடைசியாக ஒரு மலைப் பயிற்சி இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் கொடு என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். போனேன்.

இந்தத் தடவை லீடர் மௌனி. நான் வரிசையில் கடைசியிலிருந்து மூன்றாவது. நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் நிறுத்தினான். அவன் பேசுவதைக் கேட்க நாங்கள் நெருங்கிப் போக வேண்டியிருந்தது. "ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் கடைசி ஆள் முன்னாடி வரணும். மேப்பைப் பார்த்து நான் செஞ்சதுல ஒரு தப்பு சொல்லணும். சொன்னாதான் நடப்போம்" என்றான். தப்பே இல்லை என்றால்? "தேடிப் பாரு" என்றான்.

முதலில் எல்லாரும் சிரித்தோம். சிட்டு, "நீ ரொம்ப மெதுவா பேசுற, அதான் தப்பு" என்றாள். அடுத்தவன் அவன் தொப்பி கோணல் என்றான். மௌனி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தான். பிறகு என் முறை வந்தது. எதிரே ஒரு ஓடை. அதை அங்கேயே கடக்கலாம் என்பது அவன் முடிவு. எனக்கு மேல்பக்கத்துத் தண்ணீரின் நிறம் சரியாகப் படவில்லை. மழை இறங்கியிருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவன் அன்று எவ்வளவு நன்றாக நடத்திக்கொண்டு வந்திருந்தான் தெரியுமா? மனசு வரவில்லை, அவனுக்கு வராத மாதிரியே. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க தாண்டக் கூடாது, வெள்ளம் வருது" என்று கத்தினேன்.

அவன் காது சிவந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது, எனக்குத் தெரிந்தது. தண்ணீரைப் பார்த்தான், மேப்பைப் பார்த்தான், மறுபடி தண்ணீரைப் பார்த்தான். "சரி, மாத்திக்கிறேன்" என்றான். அவ்வளவுதான். நாங்கள் மேட்டில் ஏறி முடிப்பதற்குள் ஓடை மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. எல்லாரும் வெள்ளத்தை வாய் பிளந்து பார்த்தார்கள். நான் மௌனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அந்தக் காதோடு அவன் எங்களை முன்னால் கூட்டிக்கொண்டு போனான். பரேட் மைதானத்தில் பத்து ஜோடி பூட்ஸ் சத்தம் கேட்டபோதுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

நேற்று கர்னல் கூப்பிட்டார். அறை முழுக்க மலைகளின் படங்கள். நான் எழுதிக் கொடுத்த பக்கம் அவர் மேஜையில் இருந்தது. "விலகப் போறியாமே" என்றார்.

"கையெழுத்து பாக்கெட்ல இருக்கு சார்."

"விலகவே வேண்டாம். சப்ளை பிரிவுக்கு எழுதித் தர்றேன். நல்ல வேலை. யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல. உனக்கு அதான் சரி."

அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. தலையாட்டியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் "நீங்க சொல்றது தப்புன்னு நினைக்கிறேன் சார்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"அப்ப இன்னும் காலாட்படைதானா?"

"ஆமா சார்."

"ஏன்? அன்னிக்கு விளிம்புல நின்னது மறந்துபோச்சா?"

"மறக்கல சார். பின்னாடி வர்றவங்க எந்த அளவுக்கு நம்பி வருவாங்கன்னு நான் பாத்துட்டேன். அதைப் பாக்காத ஒருத்தர் கையில அவங்களை விட்டுட்டுப் போக மனசு வரல."

அவர் நான் எழுதியதை இன்னொரு தடவை படித்தார். பிறகு என் பக்கத்தை என்னிடமே தள்ளி, "கடைசி வரியை மாத்தி எழுதிக் குடு" என்றார். "எந்த இடத்துக்கும் முதல் ஆளாகப் போக வேண்டும்" என்பதை அடித்துவிட்டு, "என்னோடு வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தப்பு என்று சொல்லத் தயங்கக் கூடாது" என்று எழுதினேன். காலாட்படை என்ற சொல்லைத் தொடவில்லை. கிடைக்குமா என்று தெரியாது.

அம்மா, இதுதான் கஷ்டமான இடம். நீ "வா" என்று எழுதியதைப் படித்ததும் என் கை தானாகப் பெட்டியை இழுத்துவிட்டது. நீ எனக்குக் கெட்டது நினைக்க மாட்டாய், அதனால் நீ சொன்னால் யோசிக்காமல் நடந்துவிடுவேன். கேட்டது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு நான் கேட்டதும் தப்பு, நீ வா என்றதும் தப்பு. என்னால் வர முடியாது. நான் இங்கேயே இருக்கிறேன்.

வெள்ளையடித்த அறையையும் கழுவிய காரையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோபப்படு. எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. ஆனால் 28ஆம் தேதி வா. பெற்றோருக்கு நாற்காலி போடுவார்கள். உன் நாற்காலி காலியாக இருந்தால் என்னால் அந்த உறுதிமொழியைச் சரியாகச் சொல்ல முடியாது.

உன்
வாலு

மார்ச் 17

என் மகளுக்கு,

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். வாசலில் நின்ற காரை மறுபடி போர்வைக்குள் தள்ளினேன். தையல்காரி எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அவளோடு சண்டை போட்டேன். உன் அப்பா போனில் வந்தபோது, உன் மகளாச்சு நீயாச்சு என்று வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ வருகிறாய் என்று தெரிந்த மறுநாள் பல் டாக்டருக்குப் பாடம். நான் தரையிலேயே இல்லை. உன் அறைக்கு எந்தத் திரை போடலாம் என்று யோசித்துக்கொண்டே, "வலது பக்கம் திருப்புங்க" என்றேன். திருப்பினார். அது ஒருவழித் தெரு. எதிரே பஸ். என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்த மிதியில் கார் குலுங்கி நின்றது. பஸ் டிரைவர் இறங்கி வந்து டாக்டரைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தார். டாக்டர், "என் தப்புதாங்க, மன்னிச்சிருங்க" என்று கும்பிடாத குறை. என்னை அவர் காட்டிக்கொடுக்கவே இல்லை.

பிறகு ஓரமாக நிறுத்தி, "போர்டைப் பாக்கலியா?" என்றேன்.

"பாத்தேன் மேடம்."

"பாத்துட்டுமா திருப்புனீங்க?"

"நீங்க சொன்னீங்களே மேடம். நீங்க தப்பா சொல்ல மாட்டீங்கன்னு..."

படித்த மனிதர், ஐம்பது வயது, நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கோபமும் இல்லாமல் என்னைப் பார்த்தார். நீ மலையில் திரும்பிப் பார்த்த முகங்களில் ஒன்று என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. நீ எழுதியதை நான் ஏதோ மலைக் கதை, மறந்துவிடு என்று சொல்லியிருந்தேன். இத்தனை வருஷமாக எத்தனை பேர் இப்படி என் பேச்சை நம்பித் திருப்பியிருப்பார்கள்! எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் நீ வராமல் இருந்துவிடுவாய் என்று பயம். பார்த்தாயா, எவ்வளவு கெட்டிக்காரி உன் அம்மா.

உன் கடிதத்தை இன்று காலையில் இரண்டாம் தடவையாக, கோபம் இல்லாமல் எடுத்துப் படித்தேன். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசிய ஒரே ஆள் நீதான், அன்று ரயில் நிலையத்திலும் சரி, இப்போதும் சரி. அப்போது நான் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தேன். எனக்கு வலிக்கும் என்று தெரிந்துகொண்டே நீ எழுதியிருக்கிறாய். எனக்கு இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று என் வயிற்றிலிருந்தா வந்தது?

28ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்தக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துப் போடு. மௌனியை எனக்குக் காட்டு, அந்தக் காதை நான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது பார்த்தால் நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மரியாதைக்கு எழுந்து நிற்க வீட்டில் வேறு யாரும் இல்லை. மறுபடி உட்காரத் தோன்றவில்லை. இதையும் அலமாரி மேல் வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்
அம்மா